வெளியே பூட்டு, உள்ளே வகுப்பு

“ஹலோ... ஹலோ... ஆங், நான்தாங்க. எங்க கீறீங்க?... எங்க?... காளாஸ்தியா?”

பத்மினி சிரித்தாள். சிரிக்கிற நேரமா அது? ஆனால் எதிரே மடிக்கணினியின் கேமரா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மைக்கை மட்டும் அணைத்து வைத்திருந்தாள். போன் மேசைமேல், கேமராவுக்குத் தெரியாத இடத்தில், ஸ்பீக்கரில் கிடந்தது. பல்லைக் காட்டிக்கொண்டே, உதட்டை அதிகம் அசைக்காமல் புருஷனோடு சண்டை போடும் வித்தையை அவள் இந்த வேலைக்கு வந்த பிறகுதான் கற்றுக்கொண்டாள்.

“காளாஸ்தில இன்னா பண்றீங்க? இன்னிக்கி லீவுன்னு சொன்னீங்களே... ம்... ம்... ஷிப்டுக்கு ஆள் வரலியா... சரி. சரிங்க. அது இருக்கட்டும். சாவி?... கதவு சாவிங்க!... பாக்கெட்லயா? அய்யோ, பூட்டிட்டு பாக்கெட்ல வெச்சிக்கினா பஸ் ஏறினீங்க?”

பூட்டு வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். திருப்பதி கொர்லகுண்டாவில் ஒரு மாடி அறை, அதில் பத்மினியும் குணாவும். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் குணாவுக்கு வேலை. பத்மினிக்கு வீட்டிலிருந்தே வேலை: தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் பிள்ளைகளுக்கு ஒரு கம்பெனி மூலம் நேரலையில் தமிழ் சொல்லிக் கொடுப்பது. சேர்ந்த புதிதில் ஒரு நாள், ஷிப்டு முடிந்து வந்த குணா துண்டோடு, வாயில் பிரஷ்ஷோடு அவள் முதுகுக்குப் பின்னால் நடந்து போய்விட்டான். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். பெற்றோர் சிரிக்கவில்லை. புகார் போனது. அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம்: வகுப்பு தொடங்கியதும் வெளியே பூட்டு. சாவி கீழ்வீட்டு வெங்கடலட்சுமி அம்மாவிடம். வகுப்பு முடிந்ததும் பத்மினி தரையில் ரெண்டு தட்டு தட்டினால் அந்த அம்மா மேலே வந்து திறந்து விடுவார். வருகிறவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நல்ல ஏற்பாடு என்று பத்மினியே நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னதும் உண்டு.

“வெங்கடலட்சுமியம்மா ஊர்ல இல்லன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?... பெங்களூருக்கு மக வூட்டுக்குப் போயிட்டாங்க. நேத்து அவங்க பையை ஆட்டோவுல ஏத்துனதே நீங்கதானே... ம்... மறந்துட்டீங்க. சரி, இன்னிக்கி இன்னா நாளுன்னாவது ஞாபகம் கீதா?... ஆமா. ஆமா, வெரிபிகேஷன். ஆமாங்க, சித்தூர்ல. மத்தியானத்துக்குள்ள போயி நிக்கணும். இல்லன்னா எனக்கு அடுத்து நிக்கறவள கூப்பிட்டுடுவாங்க... கத்தலிங்க, நான் கத்தல. சிரிச்சிக்கினுதான் பேசறேன்.”

உண்மையிலேயே சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கன்னம் வலித்தது. தமிழ்வழிப் பள்ளிக்கூட ஆசிரியர் வேலைக்கு ஆந்திர அரசு நடத்திய பரீட்சை அது. எப்போதோ ஒரு முறை வருவது, வந்தாலும் தமிழுக்கு விரல்விட்டு எண்ணும் இடங்கள்தான். அதில் அவள் பெயர் வந்திருந்தது. சத்தியவேட்டில் கூலி வேலை செய்யும் அவள் நைனா முனியப்பன், சேதி கேட்டதும் டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாராம். அசல் சான்றிதழ்களோடு இன்று சித்தூரில் ஆபீஸர் முன்னால் உட்கார்ந்தால் வேலை. உட்காராவிட்டால் வந்த பெயர் வந்த வழியே போய்விடும். சான்றிதழ் பை கட்டில்மேல் தயாராக இருந்தது. கதவுதான் தயாராக இல்லை.

“நானு இன்னிக்கி கிளாஸே வேணாம்னுதானே சொன்னேன்! நீங்கதான், ‘மேடம் பாக்க வர்ற கிளாசு, உட்டுடாத, முடிச்சதும் வண்டில இஸ்துகினு போயி பஸ்ஸ்டாண்டுல உடறேன்’னு... ம்... சொன்னீங்களா இல்லியா?... அப்பால இப்ப இன்னா... ஒரு நிமிசம். இருங்க. லைன்ல இருங்க.”

மைக்கைத் திறந்தாள். குரல் ஒரே நொடியில் சர்க்கரைப் பாகாக மாறியது.

“வெரி குட், குழந்தைகளே! எல்லோரும் நன்றாகக் கேட்கிறீர்களா? அவசரமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். உங்கள் வீட்டைச் சுற்றி என்னென்ன சத்தம்? ஒவ்வொன்றையும் தமிழில் எழுதி அனுப்புங்கள். டீச்சர் காத்திருக்கிறேன்.”

மறுபடி மைக்கை அணைத்தாள்.

அந்தப் பயிற்சி அவளே யோசித்துச் செய்தது. கம்பெனி கொடுத்த ஸ்லைடில் மயில் அகவும், குயில் கூவும் என்று இருந்தது. மயிலை எந்தப் பிள்ளை கேட்டது? உன் வீட்டில் கேட்பதை எழுது என்றால் ஒருவேளை எழுதுவார்கள் என்று நினைத்தாள். மாதக்கணக்காக அந்த வகுப்பில் கேமராவைத் திறந்த பிள்ளை ஒன்றுமில்லை. திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள், கட்டத்துக்குக் கீழே ஒரு பெயர். கறுப்புக் கட்டத்தைப் பார்த்து “சூப்பர் கண்ணா” சொல்லிச் சொல்லி அவளுக்கே தன்மேல் வெறுப்பு வந்திருந்தது. முகம் தெரிகிற பிள்ளைகள் வேண்டும், மூக்கு ஒழுகினாலும் பரவாயில்லை, அதற்காகத்தான் இந்தச் சித்தூர்ப் பயணமே. இன்று அந்தக் கட்டங்களுக்கு நடுவே இன்னொரு கறுப்புக் கட்டமும் இருந்தது. கௌசிகா மேடம், வகுப்பில் ஈடுபாடு எப்படி இருக்கிறது என்று மதிப்பெண் போட வந்தவர்.

“ஹலோ... ஆங், இருக்கீங்களா... பஸ் எங்க போய்க்கினு கீது?... வரதய்யபாளையம் வரப் போவுதா. அதுக்குள்ளயா? இப்பதானே காளாஸ்தின்னீங்க... சரி, சரி. எறங்கி அடுத்த பஸ்ஸைப் புடிச்சி வரலாமில்ல?... சூப்பர்வைசர் வுட மாட்டாரு... ம்... யாராவது பூட்டு ஒடைக்கிறவங்கள அனுப்பறீங்களா?... ஏன்?... வூட்டு ஓனரம்மா திட்டுவாங்களா! பூட்டு நம்ப பூட்டுங்க!”

சாட்டில் பிள்ளைகள் எழுதத் தொடங்கியிருந்தார்கள். நிதின்: குக்கர் விசில். ஹர்ஷினி: தம்பி அழுறான். யாரோ ஒருவர்: ஃபேன் டக் டக். பத்மினிக்கு அந்த அவஸ்தையிலும் ஒரு சந்தோஷம். அப்புறம் வந்தது சபீனாவின் வரி. சேர்ந்த நாளிலிருந்து ஒரு எழுத்துக்கூடத் தட்டாத சபீனா.

‘வெங்காய வண்டி. நடுவுல இருமல்.’

பத்மினி அதை இரண்டு முறை படித்தாள்.

கொர்லகுண்டாவில் அந்த வண்டியைத் தெரியாதவர் இல்லை. ஆட்டோவில் வெங்காயம் விற்கும் அந்த மனிதர் தன் குரலை ஒருமுறை பதிவு செய்து ஒலிபெருக்கியில் ஓடவிட்டார். பதியும்போது நடுவில் இருமிவிட்டார். மறுபடி பதிய அவருக்குப் பொறுமை இல்லை. ஆகவே தினமும், தெருத்தெருவாக, ஒவ்வொரு கூவலுக்கும் நடுவில் அதே இருமல். சபீனா எங்கோ துபாயில் இருக்கிறாள் என்றுதான் பத்மினி இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பிள்ளைகளின் விலாசத்தைக் கம்பெனி சொல்லாது.

“ஹலோ... கேக்குது, சொல்லுங்க... அடுத்த வருசமா? அடுத்த வருசம் வருமுன்னு யார் சொன்னது?... ம்... ம்...”

குணா பேசிக்கொண்டே போனான். அவன் குரலுக்குப் பின்னால், போனுக்குள், மெல்ல ஒரு சத்தம் எழுந்தது, தெலுங்கில் வெங்காயம் விற்கும் கூவல்.

எர்ரகட்டலு... மன்ச்சி எர்ரகட்டலு... ஒரு இருமல். ரண்டி, அம்மா, ரண்டி...

பத்மினியின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது.

“...ம். சொல்லுங்க. கேட்டுக்கினுதான் கீறேன்... ஜன்னல் சீட்டா?... காத்து நல்லா வருதா?... ம்... நல்லது.”

கொஞ்ச நேரம் கழித்து, பின்பக்க ஜன்னல் வழியாக, அதே கூவல் நேரிலேயே வந்தது. அந்த ஜன்னலுக்கு வெளியே முள்செடி மண்டிய காலி மனைதான். கத்தினாலும் கேட்க ஆளில்லை, கம்பியும் கெட்டி. ஆனால் சத்தத்துக்குக் கம்பி தடையில்லை. எர்ரகட்டலு. இருமல். ரண்டி, அம்மா, ரண்டி.

“ஏங்க... வெங்காய வண்டி நம்ப வூட்டாண்ட வந்துட்ச்சி. கேக்குதா?... இப்பதான் உங்க பஸ்ஸாண்ட கேட்டுது. வரதய்யபாளையத்துலேர்ந்து கொர்லகுண்டாவுக்கு அதுக்குள்ள வந்துட்ச்சி பாருங்க. வெங்காய வண்டிக்கி இன்னா ஸ்பீடு!”

மறுமுனையில் டீ கிளாஸை பெஞ்சில் வைக்கும் சத்தம் கேட்டது.

“முக்குல டீக்கடைலதானே ஒக்காந்துகினு கீறீங்க?”

பயிற்சி வகுப்பில் அவளுக்கு ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கேள்வி கேட்டால் உடனே பதிலையும் நீயே சொல்லிவிடாதே. வாயை மூடிக்கொண்டு காத்திரு. மௌனம் தாங்காமல் பிள்ளை தானாகப் பேசும். கறுப்புக் கட்டங்களிடம் அது ஒரு நாளும் பலித்ததில்லை. இப்போது காத்திருந்தாள். கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி காத்திருந்தாள். போனில் டீ ஆற்றும் சத்தம் கேட்டது. யாரோ தெலுங்கில் சில்லறை கேட்டார்கள்.

அப்புறம் பலித்தது.

“...ம்... ம்... ஏன்யா?”

‘ங்க’ போய், ‘யா’ வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து படித்த காலத்தில் அவனை அப்படித்தான் கூப்பிடுவாள்.

“நான் பாஸாயிட்டேன்னா?... இல்ல, சொல்லு. நானும் நீயும் ஒரே ஹால்லதான் எழுதுனோம். எனக்கு வந்துது, உனக்கு வரல. அதுக்கா?... ம்... எங்க நைனா டீ வாங்கிக் குடுத்தாரு, ஆமா... உங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியா... அதுக்கு?... ம்... ம்... ஆமாய்யா, நீதான் சொல்லிக் குடுத்த. சைக்காலஜி பூரா நீ சொல்லிக் குடுத்துதான் எழுதுனேன். இல்லன்னு எவன் சொன்னான்?... அழுறியா இன்னா?”

அழுதான் போலிருக்கிறது. பத்மினிக்கு நெஞ்சு இளகியது. அதை மறைப்பானேன். ராத்திரி ஷிப்டு முடித்துவந்து, தூக்கத்தில் தலை சாயச் சாய, அவளுக்குக் கேள்வி கேட்டுப் பதில் வாங்கியவன் அவன். அவனுக்குப் படிக்க நேரமில்லாமல் போனதே அதனால்தானோ என்று அவளும் பலமுறை நினைத்ததுண்டு. ஐயோ பாவம் என்றால் ஆறு மாதப் பாவம் சுற்றிக்கொள்ளும் என்பார்கள். இங்கே சுற்றியது ஆயுசுக்கும் சுற்றிவிடும் போலிருந்தது. வெளியே இருந்த பூட்டைவிட இந்தப் பாவம்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“குணா... இதோ பாரு. அழுவாத. நான் ஒண்ணும் உன்ன உட்டுட்டுப் போவலியே. வேலைக்கித்தானே போறேன்... ம்... இப்ப மேல வா. கதவத் தொற. யாருக்கும் சொல்ல மாட்டேன். எங்க நைனாவுக்குக்கூட... ம்?... மத்தியானத்துக்கு அப்பாலயா?”

அவள் முகத்தில் மிச்சமிருந்த இளக்கம் வடிந்துவிட்டது. அழுதுகொண்டே ஆள் காரியத்தில் கண்ணாகத்தான் இருந்தான். தானும் படுக்க மாட்டான், தள்ளியும் படுக்க மாட்டான் என்பது இதுதான்.

“மத்தியானத்துக்கு அப்பால தொறந்தா இன்னா, தொறக்கலன்னா இன்னா?... சேந்து எழுதலாமா. அடுத்த வாட்டி... எனக்கு வேணாம்யா அடுத்த வாட்டி. இந்த வாட்டிதான் வேணும்... இன்னா?... ஊரக் கூட்ட மாட்டேன்னு தைரியமா உனக்கு?... ம்... புருசனே பூட்டிட்டான்னு சொன்னா நாலு பேரு சிரிப்பான்... யாரப் பாத்து சிரிப்பான், என்னியா உன்னியா?”

அப்போது திரையின் ஓரத்தில் கௌசிகா மேடத்தின் தனிச்செய்தி வந்தது. பயிற்சி நீள்கிறது, அடுத்த ஸ்லைடுக்குப் போகவும், புன்னகை குறைகிறது.

புன்னகை குறைகிறதாம். பத்மினிக்கு எங்கிருந்தோ ஒரு வெறி வந்தது. இந்தப் பக்கம் ஒருவர் சிரி என்கிறார், அந்தப் பக்கம் ஒருவன் உள்ளேயே இரு என்கிறான். இரண்டுக்கும் நடுவில் இவள் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சிரித்தது போதும் என்று முடிவு செய்தாள். முகத்தைச் சும்மா விட்டாள். அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

“குணா, வெச்சிடாத. லைன்லயே இரு. கேட்டுக்கினு இரு.”

மைக்கைத் திறந்தாள்.

“சபீனா கண்ணு... இருமல் வண்டின்னு எழுதுனியே. அது உங்க தெருவுலயா போச்சி?”

கம்பெனிக்காகப் பூசிக்கொண்ட தமிழ் கழன்று, சத்தியவேட்டுப் பேச்சு தானாக வந்தது. கறுப்புக் கட்டங்கள் அசையவில்லை. அவள் காத்திருந்தாள்.

“நானும் அந்த சத்தத்தக் கேட்டேன் கண்ணு. நானும் அங்கதான் கீறேன். அம்மா வூட்ல இருக்காங்களா? கொஞ்சம் கூப்புடறியா?”

சபீனாவின் கட்டத்தில் வெளிச்சம் வந்தது. ஒரு சிறுமியின் முகம். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு அவள் டீச்சரை வெறித்துப் பார்த்தாள், பிறகு எழுந்து ஓடினாள். திரும்பி வரும்போது ஈரக்கையைத் துடைத்தபடி அவள் அம்மா ஜமீலாவும் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, நான் பத்மினி டீச்சரு. கொர்லகுண்டா தண்ணி டேங்க்குக்குப் பின்னால, பச்ச மாடி வூடு. வெளிய பூட்டி கீதுக்கா. மத்தியானத்துக்குள்ள நான் சித்தூர் போவணும். கெவர்மெண்டு டீச்சர் வேலை. போவலன்னா போயிடும்... ஆமாக்கா, வூட்டுக்காரருதான் பூட்டுனாரு... ஆமா, தெரிஞ்சேதான்... சுத்தியல் இருந்தா எடுத்துக்கினு வாங்க.”

சொல்லியாகிவிட்டது. உடம்பெல்லாம் கூசியது, ஆனால் வீடு இடிந்து விழவில்லை. கௌசிகா மேடம் செய்திக்குமேல் செய்தி அனுப்பினார்: விலாசம் சொல்லக்கூடாது, சொந்த விஷயம் கூடாது, உடனே நிறுத்தவும். பத்மினி அதைப் படித்தாள்.

“எழுதிக்கோங்க மேடம்,” என்றாள், எல்லோருக்கும் கேட்க. “எல்லாத்தையும் எழுதிக்கோங்க.”

ஜமீலா அதற்குள் ஸ்கூட்டர் சாவியோடு கிளம்பிவிட்டாள். ஒரு பிள்ளையும் வகுப்பை விட்டுப் போகவில்லை. நிதினின் கட்டம் திறந்தது. ஹர்ஷினியின் கட்டம் திறந்தது, மடியில் அழுத தம்பியோடு. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம். பயிற்சி கொடுத்தவர்கள் சொன்ன எந்த உத்திக்கும் திறக்காத கேமராக்கள். இதுவல்லவா ஈடுபாடு, மேடம் மதிப்பெண்ணை எங்கே போய்ப் போடுவாரோ!

மைக்கை அணைக்காமலே போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

“ஹலோ... கேட்டியா?... ம்... ஏன்யா மூச்சு வாங்குது?... ஓடி வர்றியா?... எதுக்கு?... ம்... அவங்க வர்றதுக்குள்ள தொறந்துடணும்... ம்... மானம் போவுதா... எதுக்கு ஓடற, மெதுவா வா.”

மாடிப்படியில் காலடிச் சத்தம். இப்போது அவன் மூச்சு போனிலும் கேட்டது, கதவுக்கு அந்தப் பக்கமும் கேட்டது. பூட்டில் சாவி உரசியது.

“தொறக்காத!”

உரசல் நின்றது.

“ஆமா, தொறக்காதன்னுதான் சொன்னேன்... கோவத்துல சொல்லல... நீ தொறந்தா, அடுத்த வாட்டி பூட்டவும் உனக்கு உரிமை கீதுன்னு ஆயிடும். வேணாம்... ம்... ஸ்கூட்டர் சத்தம் கேக்குது பாரு. அந்தக்கா வந்துட்டாங்க. சாவிய அவங்க கைல குடு... குடுய்யா... நான் வேலைக்கித்தான் போறேன், ஓடிப் போவல. சாயங்காலம் வருவேன். வந்து பேசலாம். இப்ப குடு.”

வாசலில் ஒரு பெண் குரல் ஏதோ கேட்டது. சாவி கைமாறும் சத்தம் கேட்டது. பத்மினி சான்றிதழ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கையில் போனோடு கதவின் முன் நின்றாள். திரும்பித் திரையைப் பார்த்தாள். அத்தனை முகங்கள்.

“பசங்களா, யாரும் பேசாதீங்க. காதத் தொறந்து வெச்சிக்கினு கேளுங்க. இன்னிக்கிக் கடைசி சத்தம் இதுதான்.”

சாவி திரும்பியது. பூட்டு வாய் திறந்தது. தாழ்ப்பாள் கிரீச்சென்று நகர்ந்தது. மடிக்கணினியிலிருந்து சபீனாவின் கீச்சுக் குரல் முந்திக்கொண்டு வந்தது, டீச்சர், கேட்டுச்சு, கேட்டுச்சு என்று.

“எழுதுங்க கண்ணுங்களா,” என்றாள். பிறகு போனில்:

“ஹலோ... உனக்கும் கேட்டுச்சா?... நீயும் எழுதிக்கோ.”

போனை வைத்துவிட்டுக் கதவைத் தள்ளினாள்.